முடிவைச் சொல்ல மாட்டேன்

தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியின் ஒரு றெக்கை லேசாக வளைந்திருக்கிறது, அதனால்தான் சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’கென்கிறது என்பதை ரெத்தினசபாபதி வந்து உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஆலையில் ஃபிட்டராக ஆயுசைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர், காது சும்மா இருக்காது. ஒரு ஏணியும் ஒரு ஸ்பேனரும் கொடுத்தால் சரி பண்ணிவிடலாம், ஆனால் இன்றைக்கு அவர் அதற்கு வரவில்லை. உறையூரில் ஒரு நூலகத்து மாடியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், முதல் வரிசை நீல நாற்காலியில், எழுத்தாளரின் கணவர் என்ற பதவியில் உட்கார்ந்திருந்தார். எழுத்தாளர் மேடையில் இருந்தாள். குமுதவல்லி, மாம்பழ நிறப் புடவை, மடியில் கைக்குட்டை. அவளுக்குப் பின்னால் பேனரில் நாவலின் பெயர், ‘உப்பளத்து மாயினி’, அதன் கீழே ‘குமுதவல்லி சபாபதி’ என்று கொட்டை எழுத்தில். அந்தப் புத்தகத்தில் ரெத்தினசபாபதி இதுவரை வாசித்திருந்தது அட்டையில் இருக்கிற தன் பெயரின் பாதியை மட்டும்தான். முதல் பிரதி வந்த அன்றைக்கு அவள் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேரே கொண்டுபோய் பீரோவில் அவளுடைய கூறைப் புடவைக்குப் பக்கத்தில், அந்துருண்டை வாசத்துக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டார். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார். அவள் அப்போது ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் போனாள், என்ன சொல்ல வந்திருப்பாள், கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்குத் திடீரென்று மந்திர சக்தி வருகிறதாம், வாசலில் பூதம் இருக்கிறதாம், இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், பிள்ளைகள் கல்யாணமாகிப் போன வீட்டில் ஒரு பொம்பளைக்குப் பொழுது போக வேண்டாமா என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டார். இப்போது திரும்பிப் பார்த்தால் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நிற்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆராவமுதன் முதலில் பேசினார். மைக்கைத் தட்டிப் பார்த்து, அது கீச்சென்று கத்தி அடங்கின பிறகு, “பவழிக்கு வயசு பத்தொம்பது. உப்புப் பாத்தியில குனிஞ்சு தண்ணியைத் தொடறா. தண்ணி அவளைப் பாத்து, உனக்கு என்ன வேணும்னு கேக்குது. அவ்வளவுதாங்க மந்திரம். நான் அந்த இடத்துல புத்தகத்தைக் கவுத்து வெச்சுட்டு எழுந்து நடந்தேன். இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவன், என்னைப் பாத்து யாரும் அப்படிக் கேட்டதில்லை” என்றார். ஹால் கைதட்டியது, ரெத்தினசபாபதியும் தட்டினார், ஒரு தாளம் பிந்தி. தண்ணி கேட்கிறதாமே. குமுதவல்லியும் சமையலறைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள், பல நாள் நின்றிருக்கிறாள், தண்ணி வீணாப் போகுது பாருன்னு கூடத்திலிருந்து இவர் குரல் கொடுப்பார், அவள் மூடிவிடுவாள். அப்போதெல்லாம் அது என்ன கேட்டுக்கொண்டிருந்ததோ, பாதியில் மூடவைத்துவிட்டோமோ. சேச்சே, கதையைக் கதையாக விட வேண்டும். முதுகில் வியர்வை இறங்கி நாற்காலியில் சட்டை ஒட்டிக்கொண்டது. கீழே எங்கேயோ சமோசா பொரிக்கிறார்கள், பழைய எண்ணெய், வாசத்திலேயே தெரிகிறது. “இந்த நாவலோட உச்சம் பவழி இல்லைங்க” என்று ஆராவமுதன் குரலைத் தாழ்த்தினார், “அந்தப் பூதம். வாசப்படியில குடியிருக்கிற பூதம், பேரு காப்பான். அது யாரையும் அடிக்காது, திங்காது. பவழி வெளியில கால் வெச்சா மட்டும் கேக்கும். அடுப்பை அணைச்சியா. தாழ்ப்பாளைப் போட்டியா. எப்ப வருவே.” ஹால் சிரித்தது. படித்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, தெரிந்த ஆளைப் பற்றிப் பேசும்போது சிரிப்பார்களே அந்தச் சிரிப்பு. மேடையில் குமுதவல்லியும் குனிந்து சிரித்தாள், இவர் பக்கம் பார்க்கவில்லை. ரெத்தினசபாபதிக்குக் கைதட்ட எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அடுப்பை அணைச்சியா, தாழ்ப்பாளைப் போட்டியா, எப்ப வருவே. வரிசை கூட மாறவில்லை. காய்கறிக்குப் போனாலும் கேட்பார், கல்யாணத்துக்குப் போனாலும் கேட்பார், இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்குக் கிளம்பி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் முதல் இரண்டையும் கேட்டார், மூன்றாவது, தானும் கூடவே வருவதால் தேவைப்படவில்லை. அப்படியானால் பூதம் என்பது, வேண்டாம், அப்படி நினைக்க வேண்டாம், ஊரில் எல்லாப் புருஷனும் கேட்கிறதுதானே இது. எல்லாப் புருஷனும் கேட்கிறானா. பக்கத்து வீட்டு ஆள் கேட்பதில்லை, அவனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. தான் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை எழுதியிருக்கிறாளா அவள். கல்யாணமான புதுசு, ஆலைக் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு, ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்து கதவைத் திறந்தால் கேஸ் வாடை முகத்தில் அடிக்கிறது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருக்கிறது, இவள் அந்தப் பக்கம் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள், தூங்குகிறாளா என்ன என்று தெரியவில்லை, தெரியாத அந்த நேரம் இருக்கிறதே, சன்னலைத் திறந்து, சிலிண்டரை மூடி, அவளைத் தோளைப் பிடித்து உலுக்கி, அவள் கண்ணைத் திறந்து ‘வந்துட்டீங்களா, பால் வெச்சிருக்கேன்’ என்று சொல்கிற வரைக்கும் இருந்த அந்த நேரம். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. அவளிடம் கூட, ‘பாத்து இருக்க மாட்டியா’ என்று ஒரு அதட்டல், அதோடு சரி. அன்றிலிருந்துதான் கேட்க ஆரம்பித்தார். அந்த மத்தியானம் அவள் கண்ணைத் திறக்காமல் போயிருந்தால் என்பதுதான் கேள்வி, அதை அப்படியே கேட்க முடியாதென்பதால் அடுப்பு, தாழ்ப்பாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர் பூதமா. பூதமென்றால் கொம்பு இருக்குமா, பல் நீட்டிக்கொண்டிருக்குமா, அட்டையில் படம் போட்டிருக்கிறார்களா என்று மடியில் இருந்த பிரதியைக் குனிந்து பார்த்தார். போட்டோவில் கையில் இருக்கட்டும் ஐயா என்று கூட்டத்தை நடத்துகிற இளஞ்செழியன் கொடுத்துவிட்டுப் போன பிரதி. அட்டையில் ஒரு பெண், வெள்ளை வெளேரென்று உப்பு, தூரத்தில் கடல். பூதத்தைக் காணோம்.

அடுத்து ஜெசிந்தா வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று அறிமுகம் செய்தார்கள், கனத்த உடம்பு, மைக்கைக் கண்டு பயமில்லாத குரல். “எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. பவழி ஒவ்வொரு தடவை மந்திரம் பண்றப்பவும் அவ நாக்குல உப்பு ருசி கொஞ்சம் கொஞ்சமாப் போயிடுது. உப்பளத்துப் பொண்ணுக்கு உப்பே தெரியலை. ஊரையே காப்பாத்திட்டு வந்து கஞ்சி குடிக்கிறா, சப்புன்னு இருக்கு. நான் வார்டுலேருந்து வீட்டுக்குப் போறப்ப எனக்கும் அப்படித்தான் இருக்கும். இது மாயக்கதைன்னு யாராவது சொன்னா அவங்களோட நான் சண்டைக்குப் போவேன்.” நல்லாத்தான் பேசுகிறாள் என்று ரெத்தினசபாபதிக்குத் தோன்றியது, குமுதவல்லிக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது என்பது இன்னும் ஆச்சரியமாக இருந்தது, முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் போட்ட உப்பைத்தான் சாப்பிட்டிருக்கிறார். பெருமையாகக்கூட இருந்தது. என் பெண்டாட்டியாக்கும் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லலாமா என்று நினைத்த சமயத்தில் ஜெசிந்தா, “பூதத்தைப் பாத்து எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கு அது மேல பாசம். நான் டூட்டிக்குக் கிளம்பறப்ப எப்ப வருவேன்னு கேக்க எனக்கு யாரும் இல்லை. கடைசி அத்தியாயத்துல அந்தப் பூதத்துக்கு என்ன ஆகுதுன்னு படிச்சுட்டு நான் அழுதுட்டேன். முடிவைச் சொல்ல மாட்டேன். வாங்கிப் படிங்க” என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டாள்.

அழுதாளா, எதற்கு அழ வேண்டும். நர்ஸ், தினம் எத்தனை பார்க்கிறவள், அவளே அழுதாள் என்றால் பூதம் செத்துப்போயிற்றா. கொன்றுவிட்டாளா. யார், பவழியா, குமுதவல்லியா. போன வாரம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது அவள் எதிரில் வந்து நின்று, “வேதாரண்யத்துல என் சிநேகிதி வீடு பூட்டித்தான் கிடக்கு. ஒரு ஆறு மாசம் அங்க போய் இருந்து ரெண்டாம் பாகத்தை எழுதலாம்னு இருக்கேங்க. உப்பளம் பக்கத்துல இருக்கு, கடல் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க” என்று கேட்டாள். கேட்டதும் காதில் கொய்ங் என்று ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரெத்தினசபாபதி, “மோர் இருக்கா” என்றார். இருந்தது, ஊற்றினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை, இட்லி தோசை கரண்ட் பில் என்று நாள் ஓடியது. ஆறு மாசம். ஆறு மாசம் ஒருத்தி கடலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் மோர் ஊற்றாமல், யாரும் எதுவும் கேட்காமல் இருந்து பழகிவிட்டால் திரும்பி உறையூருக்கு எதற்கு வருவாள். இதுதான் பயம், இதை வாயால் சொல்ல முடியாது, அறுபத்திரண்டு வயதுக்காரன் பெண்டாட்டி திரும்பி வர மாட்டாளோ என்று பயப்படுகிறான் என்றால் ஊர் சிரிக்கும். ஆனால் இந்தப் புத்தகத்தில் அவள் ஏற்கெனவே பதிலை எழுதி அச்சுப் போட்டு விற்றும் விட்டாள். இந்த ஹாலில் இருக்கிற பாதிப் பேருக்கு அது தெரியும். சுவரோரம் நிற்கிற அந்த மீசைக்காரருக்குத் தெரியும். டீ கொண்டுவருகிற அந்த அம்மாளுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். தனக்கு மட்டும் தெரியாது.

பானு என்கிற கல்லூரி மாணவி வந்தாள், கையில் இருந்த பிரதியில் கலர் கலராகக் காகிதம் ஒட்டி அடையாளம் வைத்திருந்தாள், மூன்று தடவை படித்திருக்கிறாளாம். “எனக்கு மந்திரக் கதைன்னா உயிரு. ஆனா எல்லாத்துலயும் அந்தப் பொண்ணு ஒரு ராஜா வீட்டுப் பொண்ணா இருப்பா, இல்லைன்னா யாராவது வந்து உனக்கு சக்தி இருக்குன்னு சொல்லுவாங்க. பவழிக்கு யாருமே சொல்லலை. அவளா கண்டுபிடிக்கிறா, பயந்துபோய் ஒளிச்சு வைக்கிறா, அப்புறம் அதை வெச்சு முதல்ல என்ன பண்றா தெரியுமா, வெயில்ல நிக்கிற கூலிக்காரங்களுக்கு ஒரு மேகத்தைக் கூப்பிடறா. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.” குமுதவல்லி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். “ஆனா பூதத்தை நான் மன்னிக்க மாட்டேன். ஜெசிந்தா அக்கா கோச்சுக்கக் கூடாது. அது திட்டினா பவழி எதுத்துப் பேசுவா. அது அன்பா கேக்குது, அதனாலதான் அவளால வாசலைத் தாண்டிப் போய்ப் படகு ஏற முடியலை. இருநூறு பக்கம் அப்படியே வாசல்ல நிக்கிறா. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காங்க, பேரைச் சொல்ல மாட்டேன், வாப்பா பின்னாடிதான் உக்காந்திருக்காங்க.” ஹால் திரும்பிப் பார்த்துச் சிரித்தது, கடைசி வரிசையில் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். ரெத்தினசபாபதிக்கு அவரைப் போய்ப் பார்த்து ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. அன்பாகக் கேட்பதும் தப்பு என்றால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான். கேட்காமல் இருந்தால் அக்கறையில்லாதவன், கேட்டால் பூதம். இருநூறு பக்கம் வாசலில் நின்றாளாமே, அவ்வளவு நேரம் கால் வலிக்காதா, உட்காரச் சொல்லியிருக்கலாமே அந்தப் பூதம். “கடைசிப் பக்கத்துல அது செய்யிற ஒரு காரியத்துக்காக வேணும்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அது என்னன்னு சொல்ல மாட்டேன்” என்றாள் பானு. இவளும் சொல்ல மாட்டாளாம். எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அந்த இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மடியில் புத்தகம் இருக்கிறது, கடைசிப் பக்கம் எங்கே போகிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுத்தாளரின் கணவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் தேடிப் படித்தால் இதுவரை படிக்கவில்லை என்பது பட்டவர்த்தனமாகிவிடும், அதனால் தும்முகிற மாதிரி குனிந்து பின்னட்டையை மெதுவாகத் திறந்தார். கண்ணாடியை வேறு வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடின, தூரப் பிடித்துச் சமாளித்துப் பார்த்தால், ‘மூலநோய்க்கு எளிய மருத்துவம்’, ‘வீட்டுத் தோட்டத்தில் கீரை வளர்ப்பு’, பதிப்பகத்தார் தங்கள் மற்றப் புத்தகங்களுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு தாள் புரட்டினார், அதுவும் விளம்பரம். அதற்கு முந்தினதைப் புரட்டப் போகும்போது போட்டோக்காரர் எதிரில் வந்து குந்தி, புத்தகத்தை மூடி நெஞ்சுக்கு நேரே பிடிக்கும்படி சைகை காட்டினார். பிடித்தார், சிரிக்கச் சொன்னதும் சிரித்தார். அதே சமயம் இளஞ்செழியன் மைக்கில், “ஏற்புரைக்கு முன்னால, எழுத்தாளருக்குப் பக்கபலமா இருந்து, அவங்க எழுதறதுக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுத்த அன்புக் கணவர் ரெத்தினசபாபதி ஐயாவுக்குப் பொன்னாடை அணிவிக்கிறோம். ஐயா ரெண்டு வார்த்தை பேசணும்” என்றான். பொன்னாடையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கிற சரசரப்பு மைக்கில் பெரிதாகக் கேட்டது.

எழுந்தார். மேடைக்கு ஏறுகிற படிகளில் ஏறும்போது, பக்கபலம், சுதந்திரம் கொடுத்தார், என்ன கொடுத்தோம், மோர் கேட்டோம், குழாயை மூடச் சொன்னோம், பீரோவில் பூட்டினோம், என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. துண்டு கழுத்தில் விழுந்தது, புது ஜரிகை குத்தியது. கீழே அத்தனை முகமும் அன்பாகப் பார்த்தன, ஆலையில் வழியனுப்பு விழாவில்கூட இத்தனை பேர் இல்லை. நன்றி வணக்கம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், எல்லாப் புருஷன்களும் அப்படித்தான் இறங்குகிறார்கள். பக்கத்தில் குமுதவல்லி உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை, கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இருநூறு பக்கம் என்றாளே அந்தப் பெண். இருநூறு பக்கம் வாசலில் நிற்கவைத்திருக்கிறோம், ஒரு வாரமாக ஒரு வார்த்தைக்குக் காக்கவைத்திருக்கிறோம், வராமலே போனாலும் போகட்டும், அது நம்ம தலையெழுத்து, ஆனால் இனியும் அந்தப் பிள்ளையை வாசலில் நிற்கவிடக் கூடாது. பவழியையா குமுதாவையா என்று அவருக்கே தெரியாத நிலையில் மைக்கைப் பிடித்தார். “எனக்குப் பேச வராதுங்க. அந்தப் பூதத்தைப் பத்தி எல்லாரும் பேசினீங்க” என்று ஆரம்பித்து, அதற்குமேல் ஹாலைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துத் திரும்பினார். “நான் நகர்ந்துக்கறேன் குமுதா. எப்ப வருவேன்னு கேக்க மாட்டேன். நீ போயிட்டு வா.”

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆராவமுதன் தலையில் கையை வைத்துக்கொண்டு, “என்ன சார், கட்டிக் காத்த முடிவை நீங்களே சொல்லிப்புட்டீங்களே” என்றார், நிஜமாகவே வருத்தத்துடன். பானு தன் பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் இருந்தவளுக்கு விரல் வைத்துக் காட்டினாள். இளஞ்செழியன் பரவசமாகிவிட்டான், “ஐயா இந்த நாவலை எவ்வளவு ஆழமா உள்வாங்கியிருக்காங்க பாருங்க, பூதம் சொல்ற வார்த்தையை எழுத்துப் பிசகாம சொல்றாங்க” என்று அவன் சொல்லச் சொல்லக் கைதட்டல் கூரையைத் தொட்டது. ரெத்தினசபாபதிக்கு எதுவும் விளங்கவில்லை. எந்த வார்த்தை, யார் சொன்னது. பூதம் சாகவில்லையா. நகர்ந்துகொண்டதா. அவர் அசட்டுத்தனமாகக் கும்பிட்டபடி படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், மின்விசிறி டக், டக் என்றது.

குமுதவல்லி ஏற்புரைக்கு எழுந்தாள். எழுதிக்கொண்டு வந்திருந்த தாள்களை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக்குக்கு வந்தாள். “இவர் புத்தகத்தைப் படிக்கலை” என்றாள். சிரிப்பு எழுந்து, அவள் முகத்தைப் பார்த்து அடங்கியது. “படிக்காமயே சொல்லிட்டார். கடைசிப் பக்கத்துல பூதம் நகர்ந்துடுது. வாசல் திறந்து கிடக்கு, படகு வந்து நிக்குது, பவழி நின்ன இடத்துலயே நிக்கிறா. அங்க முடிச்சுட்டேன். நல்ல முடிவுன்னு எல்லாரும் சொன்னீங்க. எனக்கு அதுக்கு மேல எழுதத் தெரியலை, அதான் முடிச்சேன். ரெண்டாம் பாகத்துக்காகக் கடலோரமாப் போய் இருக்கணும்னு இவர்கிட்ட கேட்டேன். இவர் வாயைத் திறக்கலை. கேட்டவங்ககிட்டயெல்லாம் அவர் இன்னும் பதில் சொல்லலை, அவர் இன்னும் பதில் சொல்லலைன்னு சொல்லிக்கிட்டு, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நான் நிம்மதியா இருந்தேன். நல்லா எழுதுவேனா, தனியா இருந்துடுவேனா, ஒண்ணும் தெரியாது எனக்கு. இப்ப சொல்லிட்டார். இனிமே எனக்குச் சாக்கு இல்லை.” மைக்குக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்றாள். பயந்தால் அவளுடைய கீழுதடு இப்படித்தான் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், மூத்தவளைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்றைக்குப் பார்த்தது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான் பார்க்கிறார். இவ்வளவு நேரமும், ஏன் இந்த ஒரு வாரமும், போனால் திரும்பி வராமல் இருந்துவிடுவாளோ என்றுதான் ரெத்தினசபாபதி பயந்துகொண்டிருந்தார். இப்போது அவளைப் பார்க்கப் பார்க்க, போகாமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.